குழாயடிக்குக் காவல் இருந்தவர்கள்

“கோவம் வர்றவளக் காவலுக்கு வெக்கக் கூடாது பாப்பா. நீ இதுக்கு ஆவ மாட்ட.”

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில், சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடி இதைக் கேட்டேன். அந்த ஸ்டூலுக்கு ஒரு காலின் நுனி உடைந்திருந்தது. பாழான ஜெராக்ஸ் தாள்களை மடித்து அடியில் கொடுத்திருந்தார்கள். நாம் கொஞ்சம் அசைந்தாலும் அது அசைந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் அசைந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிக்கொண்டு, விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் பிடித்து வந்தவளைப் பார்த்து, பிளஸ் டூவும் டைப்பிங்கும் மட்டும் முடித்த கடைக்கார அக்கா சொன்ன சொல் அது. எனக்குச் சுருக்கென்றது.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சற்று முன்புதான் விசைப்பலகையை என் பக்கம் தள்ளி, “இத்தப் பாத்துக்கோ, நான் பார்ட்டிய அனுப்பிட்டு வர்றேன்” என்று எழுந்து போயிருந்தார். யாரோ ஒருவர் வில்லங்கச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வந்திருந்தார். பெண்களுக்காக அக்கா நடத்திய, நான் கட்டிக்கொடுத்த இணைய மன்றத்தில் அந்த நேரம் பார்த்து ஓர் ஆண் புகுந்து, பெண்கள் தெருக்குழாயில் சண்டை போட்டது போதாமல் இங்கேயும் வந்துவிட்டார்களா என்று எழுதினான். அதற்குக் கீழே இன்னும் மோசமாக ஒரு வரி. நான் சூடாக நாலு வரி பதில் அடித்தேன். அடித்து முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வந்த அக்கா படித்தார். அவன் எழுதியதையும் அழித்தார், நான் எழுதியதையும் அழித்தார். “அவன் வந்ததே உன் கோவத்தப் பாக்கத்தான். பாத்துட்டான், போயிட்டான்” என்றார். அப்புறம்தான் நான் இதற்கு ஆகமாட்டேன் என்றது.

ஆனாலும் வைத்துக்கொண்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை.

அந்த மன்றத்துக்குக் குழாயடி என்று பெயர் வைத்தவர் அக்காதான். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேசுவதைப் பெண்கள் வேறெங்கும் பேசுவதில்லை, இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதால் அந்தப் பேச்சும் போய்விட்டது என்பார். அவர் கடைக்கு விண்ணப்பம் போட வரும் பெண்கள் வேலை முடிந்த பிறகும் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். உதவித்தொகை ஏன் வரவில்லை, மாதவிலக்கு ஏன் நிற்கவில்லை, அடிக்கிற புருஷனைப் பற்றி எங்கே சொல்வது. ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்குத் தெரியாது. ஸ்டூலோ ஒன்றுதான். அதனால் எல்லாரும் உட்காரும்படி இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதைக் கட்டிக்கொடுக்கத்தான் ‘கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு’ தேவைப்பட்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கண்டாச்சிபுரத்துக்கு அப்பால். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போனவர்கள். மற்றவர் நிலத்தில்தான். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சொந்தப் பெயரில் சிம் கார்டு வாங்கிய முதல் ஆளும் நான்தான். அப்பாவுடைய எண்கூட வேறு யாரோ பெயரில் இருந்தது. கடையில் என் ஆதாரைக் காட்டி, என் விரலை வைத்து, என் பெயரில் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, பட்டம் வாங்கிய நாளைவிட அதிகமாக நிமிர்ந்து நடந்தேன். குழாயடியில் சேர விரும்புகிறவர்கள் கூப்பிட வேண்டிய எண்ணாக அந்த எண்ணைத்தான் கொடுத்தோம்.

அந்த ஆண் புகுந்த பிறகு, சேர்ப்பதற்கு அக்கா ஒரு முறை வைத்தார். கூப்பிட்டவரிடம் நாங்கள் பேசுவோம். உங்கள் ஊருக்கு எந்தப் பேருந்து வருகிறது, இன்றைக்கு என்ன குழம்பு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள். இவ்வளவுதான். பதில் சொல்லும் தோரணையிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் ஒருத்தன் குரலை இழுத்து மெல்லிசாக்கிக்கொண்டு பேசினான். புளிக்குழம்பு வைத்ததாகச் சொன்னான். “எவ்ளோ புளிம்மா கரைச்ச?” என்று அக்கா கேட்டார். “ஒரு கிளாஸு” என்றான். அக்கா சிரிக்கவே இல்லை. “அத்த அப்டியே குடிச்சிட்டுப் படுத்துக்க கண்ணு” என்று சொல்லி வைத்துவிட்டார். வெகுநாள் வரை எங்களுக்குள் எவனாவது தொல்லை கொடுத்தால் ‘ஒரு கிளாஸு வந்துட்டான்’ என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

உள்ளே வந்தவர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்பது இன்னொரு விதி. பயிர், பூ, காய் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வேப்பம்பூ, கேப்பை, மல்லாட்டை. பொதுவில் எல்லாரும் பேசும் பகுதி ஒன்று. அதற்குப் பின்னால் ‘தோட்டத்துப் பக்கம்’ என்று பூட்டிய பகுதி ஒன்று. வீட்டுக்குத் தெரிந்தால் ஆபத்து என்கிற விஷயங்களை அங்கே எழுதலாம். எழுதியவளும், காவல் இருக்கும் நாங்களும் மட்டுமே அதைப் படிக்க முடியும். அதற்கு இரட்டைப் பூட்டு போட்டவள் நான். வெளியே இருந்து எவனாலும் அதை உடைக்க முடியவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமைதான். உடைக்கத் தேவையே இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

கஷ்டம் பூட்டில் இல்லை, ஆளில் இருந்தது. வருவதைப் படித்து, வேண்டாததை அழிக்கும் காவலுக்குச் சம்பளம் கிடையாது. காலையில் நான் விழுப்புரத்தில் மருத்துவமனை பில் கவுண்டருக்குப் போவதற்கு முன்பு பார்ப்பேன். பகலில் அக்கா கடையிலிருந்தே பார்ப்பார். சாயங்காலம்தான் கூட்டம் அதிகம். வேலைக்குப் போனவர்கள் திரும்பி, விளக்கேற்றி, அடுப்புப் பற்றவைத்து, குழம்பு கொதிக்கிற நேரத்தில் எழுதுவார்கள். அந்த நேரத்துக்கு ஆள் நிற்கவில்லை. ஒருத்திக்குக் கல்யாணமானது. மறுவாரமே அவள் எண் மாறியது. ஒருத்தி ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போனாள். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், கம்பெனிப் பேருந்தில் திரும்பும்போது தூங்கிவிடுகிறாளாம். ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. ஒருத்தி காரணமே சொல்லவில்லை. “ஆளு சேக்கறதே பேஜாரா இருக்குது, சேத்தா நிக்க மாட்டேங்குது” என்று அக்கா அலுத்துக்கொள்வார். யாரும் பொறுப்பில்லாமல் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும். எல்லாரையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் கேப்பை என்ற பெயரில் எழுதியவளை அக்கா சாயங்காலக் காவலுக்கு வைத்தார். வளவனூர் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு குழந்தைக்காரி. குழாயடியில் அவளைப்போல் பதமாக எழுதுகிறவர் கிடையாது. சண்டை வந்தால் இரண்டு பக்கத்தையும் தணித்து அனுப்புவாள். கோபமே வராது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “இவதான் காவலுக்கு ஆவுற ஆளு” என்றார். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

“குரல் அவங்க குரல்தாங்க்கா. போன் யார் போன்?”

அக்கா ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தார். “வூட்டுப் போன்தான். வேற இன்னா?”

“அப்ப அவங்களுக்குக் காவல் தரக் கூடாது. தனி போன் இருக்கறவங்கள மட்டும் வெக்கலாம். சேக்கறதுகூட அப்டித்தான் சேக்கணும்.”

அவர் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார். “தனி போன் இருக்குறவளுக்கு இன்னாத்துக்குடி குழாயடி? அவளுக்கு ஊரு பூரா எடம் இருக்குது. இல்லாதவளுக்குத்தானே இத்தத் தொறந்து வெச்சேன்.”

காவலுக்கான கடவுச்சொல்லைக் கேப்பைக்கு நானே அனுப்பினேன். நான் சொன்னபடி செய்திருந்தால் குழாயடி பத்திரமாக இருந்திருக்கும், அங்கே தண்ணீர் பிடிக்க வேண்டிய ஒருத்தியும் வந்திருக்க மாட்டாள். அக்கா சொன்னபடி செய்ததால் எல்லாரும் வந்தார்கள்.

மல்லாட்டை என்ற பெயரில் எழுதிய பெண் அப்படி வந்தவள்தான். நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் போனில், அம்மா மாடு பிடித்துக் கட்டப் போகிற நேரத்தில் எழுதுவாள். எழுதியதும் அந்தப் போனில் தடம் தெரியாமல் அழித்துவிடுவாள். அவளும் அவள் வீட்டில் படித்த முதல் ஆள். அதனாலோ என்னவோ அவள் எழுதியது வந்தால் நான் முதலில் அதைத்தான் படிப்பேன். ஊசி போடக் கற்றுக்கொண்ட நாளில் ஆரஞ்சுப் பழத்துக்குப் போட்டுப் பழகியதாக எழுதியிருந்தாள், பாவம் அந்தப் பழத்தை யாரும் சாப்பிடவில்லை என்றும். அவளைத் தாய்மாமனுக்குப் பேசிவிட்டார்கள். ஜேசிபி வைத்திருக்கிறவர். தை பிறந்தால் கல்யாணம். படிப்பை முடிக்கவேண்டும், அதுவரை ஒரு விடுதியில் போய் இருந்துகொள்ள முடியுமா, யாரிடம் கேட்பது என்று தோட்டத்துப் பக்கத்தில் எழுதினாள். நான் விழுப்புரத்தில் விசாரித்தேன். ஒரு விடுதியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை கல்லூரிப் பேருந்தில் வழக்கம்போல் ஏறி, வீட்டுக்குத் திரும்பாமல் விடுதிக்கு வருவது என்று முடிவானது. நான் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நிற்பதாக எழுதினேன்.

நின்றேன். கல்லூரிப் பேருந்து வந்தது. அவள் எந்த நிறத்தில் உடுத்தியிருப்பாள் என்றுகூடக் கேட்டு வைத்திருந்தேன். அந்த நிறத்தில் யாரும் இறங்கவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சொல்ல அந்த வாரம் கேப்பையே திண்டிவனத்துக்கு வந்தாள். அன்றுதான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. முகம் வீங்கியிருந்தது. அடியால் இல்லை, அழுததால். சிவப்பு ஸ்டூலில் உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். அவளுடைய புருஷனும் மல்லாட்டையின் அப்பாவும் ஒரே நெல் மண்டியில் வேலை பார்க்கிறார்கள். நர்சிங், ஜேசிபி, தை மாதம் எல்லாவற்றையும் படித்ததும் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது. போய்ச் சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பா அன்றைக்கே அவள் புத்தகத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டார்.

“அவுரு எப்டிப் படிச்சாரு?” என்று நான்தான் கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும். குழந்தை என்னைப் பார்த்து மிரண்டது.

கேப்பை என்னைப் புரியாமல் பார்த்தாள். “அவுரு எப்பவும் பாப்பாரே. கல்யாணமான நாள்லேர்ந்து சாங்காலம் வந்தா வூட்டுப் போன எடுத்துப் பாத்துக்கினுதான் டீ குடிப்பாரு.” அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, “யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலக்கா. அவுரு பாக்கறது சொன்ன கணக்குல வரும்னு எனக்குத் தோணவே இல்ல” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என்னை வதைப்பது. யாரோ ஒரு திருடன் பூட்டை உடைத்திருந்தால் எனக்கு வேலை இருந்திருக்கும். அவள் துரோகம் செய்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் புருஷன்கூடக் கெட்டது நினைக்கவில்லையாம். நம்ம ஜனம், ஒரு பொண்ணு வாழ்க்கை கெட்டுடக் கூடாது என்றுதான் சொன்னேன் என்றாராம். எங்கள் விதி ஒவ்வொன்றையும் அவள் கடைப்பிடித்திருந்தாள். வீட்டுக்காரர் போனைப் பார்ப்பது என்பது எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவதைப்போல. அதை யாராவது வந்து சொல்வார்களா? நாங்களும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டோமே தவிர, போன் சாயங்காலம் யார் கையில் இருக்கும் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

அவள் போன பிறகு அக்கா வெகுநேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கடவுச்சொற்களை மாற்றலாம், தோட்டத்துப் பக்கத்தை மட்டும் மூடலாம், காவல்காரர்களைக் குறைக்கலாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “இந்த மாதிரி இன்னும் எத்தினி வூட்டுல டீ குடிச்சிக்கினு படிக்கிறாங்களோ” என்றார். அப்புறம், “எல்லாத்தையும் எப்டி அழிக்கறதுன்னு சொல்லு” என்றார்.

அவருக்கு அது தெரியாது. எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு என் படிப்பு அதற்குத்தான் பயன்பட்டது. எத்தனையோ பெண்கள் குழம்பு கொதிக்கும் நேரத்தில் எழுதி எழுதிச் சேர்த்ததை அழிக்க ஒரே ஒரு பொத்தான் இருந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. அக்கா தலையை ஆட்டினார். அழுத்தினேன்.

மல்லாட்டையின் முகத்தை நான் தை மாதத்தில் பார்த்தேன். வளவனூர் வழியாகப் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலை ஓரத்தில் கல்யாண பேனர். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ஜேசிபி உரிமையாளர் என்று போட்டு, மஞ்சள் வண்டியின் படமும் போட்டிருந்தார்கள். மணப்பெண் பெயருக்குப் பக்கத்தில் பட்டம் போட்டிருந்தார்கள். பி.எஸ்சி. நர்சிங். முடிக்கவிடாத படிப்பை எடுத்து, கௌரவத்துக்காக அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். பேருந்து தாண்டிப் போகிற நேரத்துக்குள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஸ்டூடியோக்காரன் வெள்ளையாக்கியிருந்த முகம். அவள் பெயரும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை இங்கே எழுதமாட்டேன். ஊர் அறிய அத்தனை பெரிதாக எழுதி வைத்திருந்தாலும், எங்களிடம் அவள் சொல்லாத பெயர் அது.

அக்கா இப்போதும் கடை வைத்திருக்கிறார். ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம், நகல். நான் எப்போதாவது கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்பார், வேலை எப்படி என்பார். குழாயடியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. கேப்பையின் எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. கோபம் வராதவளும் காவலுக்கு ஆகவில்லை, கோபம் வருகிறவளும் ஆகவில்லை என்று அக்காவிடம் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் என் எண்ணை நான் மாற்றவில்லை. என் பெயரில் வாங்கியது, அதை விட மனமில்லை. அதனால் இன்னமும் அழைப்பு வருகிறது. யாரோ யாருக்கோ எப்போதோ கொடுத்த எண். மன்றம் மூடிவிட்டோம் என்று சொல்வேன். சிலர் சரி என்று வைத்துவிடுவார்கள். சிலர் வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்கள். அந்தச் சத்தமில்லாத நேரம் எனக்குப் பழகவே இல்லை.

போன வாரம் ஒருத்தி கூப்பிட்டாள். திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். சின்னக் குரல். குழாயடி இருக்கிறதா என்று கேட்டாள். மூடிவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பேருந்து, என்ன குழம்பு என்றும் கேட்கவில்லை.

“இது யாரு போன்மா?”

“எங்க அண்ணன்துக்கா. குளிக்கப் போயிருக்குது.”

“அப்ப எதுவும் சொல்லாத. இந்த நம்பர அழிச்சிடு. திண்டிவனத்துக்குத் தனியா வர முடியுமா உன்னால?”

யோசித்தாள். வருமானச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வேண்டும் என்று சொன்னால் விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாள். கடை இருக்கும் சந்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. அண்ணன் குளித்துவிட்டு வந்திருக்கலாம். அவள் எண்ணை அழித்தாளா தெரியாது. சந்தின் அடையாளம் காதில் விழுந்ததா தெரியாது. வருவாள் என்று நம்புவதற்கு எனக்கு எந்தக் காரணமும் இல்லை. பேருந்து நிலையத்தில் ஒரு முறை நின்று பார்த்தவள் நான்.

அக்காவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வரலாம், கடையைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பக்கத்தில் ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

“ஸ்டூலு வெளியதான் கெடக்குது” என்றார். வைத்துவிட்டார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பாசஞ்சருக்கு விழுப்புரத்தில் டிக்கெட் எடுத்து ஏறிவிட்டேன். இதை எழுதி முடிக்கும்போது ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டிவிட்டது.